பக்கத்துக் கடை

'போட்டி' என்ற சொல்லோடு நமக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகம் உண்டு. பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, மார்கழி மாதத்துக் கோலப் போட்டி. கோலப் போட்டியில் தோற்றவள் அன்று இரவு பட்டினி கிடப்பதில்லை. "நடுவருக்குக் கண் தெரியவில்லை" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். கடை வைத்திருப்பவர்களின் போட்டி அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. பத்தடி தள்ளிப் புதிதாக ஒரு கடை முளைத்தால், இந்தக் கல்லாவில் விழ வேண்டிய காசு அந்தக் கல்லாவில் விழுகிறது. இந்த வீட்டில் பால் வாங்குவது நிற்கிறது. ஆகவே, பக்கத்துக் கடைக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை வியாபாரத் தந்திரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அது தர்மத்தைப் பற்றிய கேள்வியுங்கூட.

பெரிய கம்பெனிகளுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதிராளியின் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட அதிகாரிகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, எதிராளியை எண்களாகக் குறுக்கி, அந்த எண்களை இன்னும் குறைக்க வழி பார்க்கிறார்கள். சின்னக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். கடைக்காரர் பெண்ணாக இருந்துவிட்டால் முகத்தோடு நிற்பதில்லை. அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதே அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கும். அப்படியிருக்க அவர்கள் எப்படிப் போட்டியிடுகிறார்கள்? கொஞ்ச காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுப் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குப் பொத்தேரி தெரிந்திருக்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அதற்கடுத்தது பொத்தேரி. ஏரியை வைத்துப் பெயர் பெற்ற ஊர், இன்று பிள்ளைகளை வைத்துப் பிழைக்கிறது. 1985-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம் பல்கலைக்கழகமாக வளர்ந்து, பாரத தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வாலிபர்களையும் பெண்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயிலடிப் பக்கம் நின்றால் தெலுங்கும் ஹிந்தியும் மலையாளமும் வங்காளியும் கலந்து காதில் விழும். எல்லா பாஷைக்கும் பசி ஒன்றுதான். பசி இருக்கும் இடத்தில் தள்ளுவண்டி வரும்.

எனக்கு உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தில் குடியிருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது போய் வருவேன். அவர் வீட்டுத் தெருமுனையில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இட்லி, தோசை, வடகறி என்று நன்றாக நடந்துகொண்டிருந்த கடைக்குப் பத்தடி தள்ளி, ஒரு நாள் இளவயதுக்காரி ஒருத்தி இன்னொரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளும் இட்லி, அவளும் தோசை. கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் விடுவானா? சண்டை எப்போது மூளும் என்று நான் காத்திருந்தேன்.

சண்டை மூளவில்லை. அடுத்த மாதம் போனபோது பெரியவள் வண்டியில் தோசைக்கல்லைக் காணோம். இட்லி, வடகறி, புதிதாக ஆப்பம். சின்னவளிடம் இட்லிக் குண்டான் இல்லை. தோசை மட்டும், ஆனால் நாலு விதத் தோசை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்களா என்று கேட்டேன்.

"பேசி முடிக்கிறதுக்கு இது என்ன கல்யாணமா சார்?" என்றாள் பெரியவள். "அவ கல்லு பெருசு. கையும் வேகம். என் தோசை ஆறிப்போயிடும், அவ தோசை ஆறாது. எனக்கு இட்லி வரும். வந்ததை வச்சிக்கிட்டேன்."

"அவள் வந்ததில் உங்களுக்கு நஷ்டமில்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப நாலு பசங்க சேர்ந்து வர்றானுங்க. ரெண்டு பேருக்குத் தோசை, ரெண்டு பேருக்கு இட்லி. தனியா இருந்தா அந்த நாலு பேரும் வேற தெருவுக்குப் போயிருப்பானுங்க இல்ல?"

இதைப் பெருந்தன்மை என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாளுக்கும் தோன்றவில்லை. இது கணக்கு, நல்ல கணக்கு. சென்னையில் கோடவுன் தெரு முழுவதும் துணிக் கடை, ரிச்சி தெரு முழுவதும் மின்சாதனக் கடை என்று ஒரே தொழில் செய்பவர்கள் ஒட்டி ஒட்டிக் கடை போட்டிருப்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். எதிராளி கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறான். வந்த கூட்டத்தில் யாருக்கு எது என்று பங்கு பிரிப்பதில்தான் சாமர்த்தியம். பெண்கள் பொதுவாகவே மென்மையானவர்கள், ஆகையால் போட்டியை விரும்பமாட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களை அந்தத் தெருமுனைக்கு ஒரு தடவை அனுப்பி வைக்க வேண்டும். அந்த அம்மாள் மாவைக் கரண்டியால் அளக்கும்போது கண்ணைப் பார்த்தால் மென்மையைப் பற்றிய அபிப்பிராயம் மாறிவிடும்.

இதுவரை எல்லாம் சரி. சிக்கல் விலையில் வந்தது.

சமையல் வாயு விலை ஏறியபோது இரண்டு வண்டிகளிலும் ஒரே நாளில் விலை ஏறிற்று. இந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஏற்றி மற்றவள் ஏற்றாவிட்டால் மாவு விற்காமல் புளிக்கும். ஆகையால் இருவரும் சேர்ந்தே ஏற்றுவது என்று ஏற்பாடு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதையே பெரியவர்கள் செய்தால் குற்றம். ஒரே தொழில்காரர்கள் சந்தித்துப் பேசினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வாங்குகிறவர் தலையில் கை வைப்பதில்தான் முடியும் என்ற கருத்தை ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவைத்தார். நம் நாட்டில் 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் அத்தகைய உடன்பாட்டைத் தடுக்கிறது. 2012-இல் சிமெண்டுக் கம்பெனிகள் சில கூடிப் பேசி விலை வைத்தன என்று தீர்மானித்து, போட்டி ஆணையம் அவற்றுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது.

சிமெண்டுக் கம்பெனி செய்தால் சூழ்ச்சி, இட்லிக் கடை அம்மாள் செய்தால் ஒற்றுமையா? அளவு வேறு, அதனால் நியாயம் வேறு என்று சட்டென்று சொல்லிவிடலாம். வீடு கட்டுகிறவன் சிமெண்டுக்கு எங்கே போவான்? இட்லி பிடிக்காவிட்டால் பையன் இரண்டு தெரு தள்ளிப் போகலாம். உண்மைதான். ஆனால் கட்டட வேலை செய்து களைத்து ஒன்பது மணிக்கு வருகிற சித்தாளால் இரண்டு தெரு நடக்க முடியாது. அவனுக்கு அந்தத் தெருமுனைதான் உலகச் சந்தை. அவனைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தாள். "வெலைதானே சார் ஒண்ணா வச்சிருக்கோம்? இட்லிய யாரு எண்றாங்க?" என்றாள். கூலிக்காரர்களுக்கு இலையில் ஒன்று கூட விழுமாம். சின்னவளும் அப்படியே செய்கிறாளாம். இருவருக்கும் இது தெரியுமாம். சிமெண்டுக் கம்பெனிகளின் வக்கீல்களுக்கு இந்த வாதம் கைகொடுத்திருக்காது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால், வாசகர்கள் மகிழ்ச்சியோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் மூன்றாவதாக ஒருத்தி வந்தாள்.

திண்டிவனம் பக்கத்துக்காரி. இரண்டு குழந்தைகள்; புருஷன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தண்டல் பணம் வாங்கித் தள்ளுவண்டி போட்டிருந்தாள். தண்டல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள், தினந்தோறும் சாயங்காலம் வந்து தவணையை வாங்கிப் போவார்கள். தண்டல்காரன் வரும்போது கையில் பணம் இருக்க வேண்டும். ஆகையால் அவள் ஒரு ரூபாய் குறைத்து விற்றாள். பேராசையால் குறைக்கவில்லை, காத்திருக்க முடியாததால் குறைத்தாள். மற்ற இருவர் வீட்டிலும் இன்னொருவர் சம்பாத்தியம் இருக்கிறது. ஒரு வாரம் விற்பனை சுருங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். பொறுமையும் ஒரு முதல் என்பதை வியாபாரக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கையால் ஒன்றும் செய்யவில்லை. வாயாலும் அதிகம் இல்லை. தண்ணீர்க் குடம் வைக்க இடமில்லை என்றார்கள். தெருவிளக்கின் கீழே வண்டியை நிறுத்த விடவில்லை. மாவு அரைக்கும் இடத்தில் அவளுடைய முறை எப்படியோ கடைசிக்குப் போயிற்று. இருபது நாளில் அந்த வண்டியைக் காணோம். நான் கேட்டபோது பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவ வெலய ஒடச்சிட்டா சார்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னிடம் அதைப்பற்றிப் பேச அவள் விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் இருவருக்குள் இருந்த நல்லிணக்கமும் மூன்றாமவள்மேல் காட்டிய கடுமையும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். விலையைக் காப்பாற்றும் ஒற்றுமைக்கு வேலி வேண்டியிருக்கிறது. வேலி போட்டவுடன் வெளியே நிற்பவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் நம்மைவிட ஏழையாகத்தான் இருப்பார். போட்டியில்லாத வியாபாரம் அன்பான வியாபாரம் என்று சொல்கிறவர்கள் இந்த வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வள்ளுவர் இதை யோசித்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்ற கருத்துள்ள குறளை அவர் பொருட்பாலில் சேர்க்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருக்கிறார். அன்புடைமையிலும் வைக்கவில்லை, ஈகையிலும் வைக்கவில்லை. வேண்டியவர், வேண்டாதவர், முன்பின் தெரியாதவர் ஆகிய மூவருக்கும் ஒரே தராசு என்பது அந்த அதிகாரத்தின் பொருள். தோழியிடம் நியாயமாக நடப்பது சுலபம். திண்டிவனத்துக்காரிக்கும் அதே தராசைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

பட்டினப்பாலையிலும் இதே எண்ணம் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமல், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமல், தம்முடையதையும் பிறருடையதையும் சமமாகக் கருதினார்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகழ்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பெண் வியாபாரி வருகிறாள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல் அது; ஆகையால் அவள் ஏறக்குறைய நம் செங்கற்பட்டுச் சீமைக்காரி என்று சொந்தம் கொண்டாடலாம். பறவைகள் எழும் விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். மோர்ப் பானையைத் தலையில் வைத்துப் போய் விற்று, கிடைத்ததில் சுற்றத்தாருக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய்யை விற்கும்போது மாத்திரம், விலையாகப் பசும்பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். எருமையும் பசுவும் கன்றும் கேட்டு வாங்குகிறாள்.

பொன் குட்டி போடாது, எருமை போடும். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியர்கள் மன்னிக்க வேண்டும். பொன்னை வீட்டுக்காரர் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். எருமையை அவ்வளவு சுலபமாகக் கழற்ற முடியாது.

விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. 2004-ஆம் வருஷக் கடைசியில் ஆழிப் பேரலை வந்துபோன சில மாதங்களுக்குப் பிறகு, இலங்கையின் தென் மாவட்டங்களில் மூன்று பொருளாதார அறிஞர்கள் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். சிறுதொழில் நடத்துபவர்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த சிலருக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் இனாமாகக் கொடுத்து, லாபம் எவ்வளவு கூடுகிறது என்று தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஆண்களின் கடைகளில் லாபம் நன்றாகக் கூடிற்று. பெண்களின் கடைகளில் கூடியதாகவே தெரியவில்லை. பெண்ணுக்கு வியாபார புத்தி கிடையாது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு இது பாயசம்போல் இனித்திருக்கும். ஆனால் 2019-இல் ரோஹிணி பாண்டே உள்ளிட்ட நான்கு பெண் ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கணக்கையும் இந்தியாவிலும் கானாவிலும் எடுத்த கணக்குகளையும் மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் தொழில் நடத்துகிறவள் அந்தப் பெண் ஒருத்தி மட்டுமே என்ற குடும்பங்களில், அவளுடைய லாபம் ஆண்களுடையதற்குக் குறையவில்லை. கணவருக்கும் தனியாக ஒரு தொழில் இருந்த குடும்பங்களில்தான் அவள் பெயரில் வந்த பணம் அவருடைய தொழிலுக்குப் போயிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஷேர் ஆட்டோவின் ஞாபகம் வந்தது. இட்லிக் கடை லாபத்தில் எத்தனை பங்கு அதன் டயராகவும் பாட்டரியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறதோ! அவளுக்குப் பத்தடி தள்ளி நின்ற போட்டியைவிட, வீட்டு வாசலில் நின்ற போட்டி பெரியது. அந்தப் போட்டியில் அவள் விலையைக் குறைக்கவும் முடியாது, வேலி போடவும் முடியாது. அதைப் போட்டி என்று பெயர் சொல்லி அழைக்கக்கூட முடியாது. குடும்பம் என்றுதான் சொல்ல வேண்டும். கணவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனிதர், என்னிடம் ஒரு தடவை சவாரிக் காசு வாங்க மறுத்தவர். நல்ல மனிதர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

வெளியே நிற்கும் ஏழைக்கு என்ன வழி? சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு ஒரு வழி காட்டிற்று. ஒரே வட்டாரத்தில் காய்கறியும் மீனும் பூவும் இட்லியும் விற்கும் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருத்தி வாங்கும் பாங்குக் கடனுக்கு மற்றவர்களைப் பொறுப்பேற்கச் செய்தார்கள். தண்டல்காரனிடமிருந்து தப்புவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் அது போட்டியின் சுபாவத்தையே மாற்றிவிட்டது. பக்கத்துக் கூடைக்காரி கவிழ்ந்தால் அவளுடைய தவணை என் தலையில் விழும் என்று ஆகும்போது, அவள் கவிழாமலிருப்பது என் லாபத்தில் சேர்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய சுய உதவிக் குழுக்களும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டே வந்தன. தவணை கட்ட முடியாதவளின் வீட்டு வாசலில் குழுவே போய் உட்காருவதும் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தண்டல்காரன் தெரியாதவன், அவன் திட்டினால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சிநேகிதிகள் வந்து உட்கார்ந்தால் எந்தக் கதவைச் சாத்துவது?

பம்பாயில் நடந்தது இன்னொரு வகை. 1959 மார்ச் 15-ஆம் தேதி, கிர்காம் பகுதியில் ஒரு கட்டட மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல், கடனாக வாங்கிய 80 ரூபாய். அன்று இட்டவை நான்கு கட்டு. இலவச நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானம். லிஜ்ஜத் அப்பளம் என்று இன்று நம்மூர் மளிகைக் கடையிலும் தொங்குவது அதுதான். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தப் பெரிய கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். தொடக்கத்தில் அந்தப் பெண்கள் இரண்டு தரத்தில் அப்பளம் இட்டார்கள். ஒன்று நல்லது, இன்னொன்று மட்டமானது, விலை குறைத்து விற்பதற்காக. அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த சகன்லால் பரேக் என்பவர், ஒரே தரம் போதும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். மட்டமான அப்பளம் நின்றது.

எண்பது ரூபாய்க் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு, விலை குறைந்த சரக்கை நிறுத்துவது லேசான காரியமல்ல. திண்டிவனத்துக்காரியால் அது முடிந்திருக்காது. அவர்களால் முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் ஏழு பேர். இன்னொரு காரணம், எட்டாவதாக வந்தவளையும் ஒன்பதாவதாக வந்தவளையும் எதிரில் கடை போட விடாமல் துரத்தாததுதான். குழவியைக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். கையெழுத்துத் தெரியாதவளும் சேரலாம், உழைக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்தவள் கூலிக்காரி அல்ல, உடைமைக்காரி. ஒருவரையொருவர் 'பென்' என்று, அதாவது சகோதரி என்று, கூப்பிட்டுக்கொண்டார்கள். வேலியைப் பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி நட்டுக்கொண்டே போனார்கள் என்று சொல்லலாம்.

இருந்தாலும் எனக்குள் ஒரு கேள்வி நிற்கத்தான் செய்கிறது. அந்த மொட்டைமாடிக்கு முன்பே பம்பாய் வீடுகளில் அப்பளம் இட்டு, முறத்தில் வைத்துத் தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருந்த பெண்கள் இருந்திருப்பார்கள். ஒரே தரமும் ஒரே விலையும் ஒரே முத்திரையும் கொண்ட அப்பளக் கட்டு ஒவ்வொரு கடையிலும் வந்து உட்கார்ந்தபோது, உள்ளே போய்ச் சேர மனமில்லாமலோ, நேரமில்லாமலோ, வழி தெரியாமலோ வெளியே நின்றுவிட்டவள் எத்தனை நாள் முறத்தைத் தூக்கியிருப்பாள்? அவளை யாரும் விரட்டவில்லை. தெருவிளக்கின் கீழ் நிற்காதே என்றும் சொல்லவில்லை. நல்ல அப்பளம் வந்தது, ஜனங்கள் அதை வாங்கினார்கள். அவளுக்காக எந்தத் தராசைத் தூக்கிப் பிடிப்பது என்று வள்ளுவரைத்தான் கேட்க வேண்டும்.